திருநெல்வேலியில் கோதுமை சேர்க்காத ஓர் உணவகம்: ஒரு மதிப்பீடு

யாழ்ப்பாணத்தின் திருநெல்வேலியில், சந்தைக்கும் பல்கலைக்கழகத்துக்கும் இடையே உள்ள ஒழுங்கை ஒன்றில், ஒரு வீட்டின் முன்விறாந்தையை மறித்து நடத்தப்படும் சிறிய உணவகத்தைப் பற்றியது இந்த மதிப்பீடு. ‘கோதுமை மா சேர்க்காத உணவு’ என்று வாசலில் பலகை வைத்திருக்கிறார்கள். அரிசி, குரக்கன் (கேழ்வரகு), ஒடியல் (காயவைத்த பனங்கிழங்கு), உழுந்து, பயறு ஆகியவற்றை மட்டும் கொண்டு காலை முதல் மாலை வரை சமைக்கிறார்கள். சாப்பாடு நன்றாக இருக்கிறது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பலகையில் எழுதியிருப்பது உண்மையா, உண்மையென்றால் யாருக்கு எந்த அளவுக்குப் போதுமான உண்மை என்பதுதான் இங்கே ஆராயப்பட வேண்டியது. குறைகளும் சொல்லப் போவதால் கடையின் பெயரை எழுதவில்லை. இரண்டு பெண்களின் உழைப்பில் ஓடும் கடை அது.

நான் அங்கே போனதற்கு ஒஸ்லோவிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த அக்காவின் மகள்தான் காரணம். இருபத்திரண்டு வயது, கைப்பந்து ஆடுகிறவள், வயிற்றுவலி என்று ஒருநாளும் படுத்ததில்லை. அவளுடைய தம்பிக்கு முதலாம் வகை நீரிழிவு இருப்பதால் அவனுக்கு வழக்கமாகச் செய்யும் பரிசோதனைகளில் சீலியாக் நோய் தெரியவந்தது. கோதுமை போன்ற சில தானியங்களில் உள்ள குளூட்டன் என்னும் புரதத்தால் சிறுகுடல் பழுதடையும் நோய் அது. அதன்பின் வீட்டில் எல்லோருக்கும் இரத்தம் பரிசோதித்தார்கள். இவளுடைய இரத்தத்திலும் இந்த நோயைக் காட்டும் பிறபொருளெதிரி (antibody) கூடியிருந்தது, சிறுகுடலில் எடுத்த துணுக்கிலும் உணவை உறிஞ்சும் சடைமுளைகள் தேய்ந்திருந்தன. இரும்புச்சத்துக் குறைவைத் தவிர அவளிடம் வேறு எந்த அறிகுறியும் இருக்கவில்லை. ஆனாலும் கோதுமை, பார்லி, றை ஆகிய மூன்றையும் இனி வாழ்நாள் முழுவதும் அவள் தொடக்கூடாது.

இதைக் கேட்கும் உறவினர்கள் அனைவரும் சொல்வது ஒன்றுதான்: நல்ல சுகதேகியாக இருக்கும் பிள்ளைக்கு என்ன நோய், இது வெள்ளைக்காரர் கண்டுபிடித்த சாப்பாட்டுப் பயம். உண்மையில், சுகதேகிகளாகத் தெரியும் இளம் வயதினரிடம் தேடிப் பார்த்தபோதுதான் இந்த நோயின் அளவே உலகத்துக்குப் புரிந்தது. இத்தாலியில் 17,201 பாடசாலை மாணவர்களைப் பரிசோதித்து 1996இல் வெளியிட்ட ஆய்வு, 184 பேரில் ஒருவருக்கு இந்த நோய் இருப்பதாகக் கண்டது. ஏற்கெனவே நோய் அறியப்பட்டிருந்த ஒவ்வொருவருக்கும் அறியப்படாதவர்கள் ஏழு பேர் இருந்தார்கள். பின்லாந்தில் 7 முதல் 16 வயது வரையான 3,654 மாணவர்களின் இரத்த மாதிரிகளைப் பரிசோதித்தபோது, அந்த விகிதம் குறைந்தது 99 பேருக்கு ஒருவர் என்று வந்தது. உலகெங்கும் நடந்த ஆய்வுகளைத் தொகுத்து 2018இல் செய்த கணிப்பின்படி, இரத்தத்தில் பிறபொருளெதிரி உள்ளவர்கள் 1.4 சதவீதம், குடலின் இழையப் பரிசோதனையாலும் உறுதியானவர்கள் 0.7 சதவீதம். ஆண்களைவிடப் பெண்களிடமும், வளர்ந்தவர்களைவிடப் பிள்ளைகளிடமும் இது கூடுதலாகக் காணப்படுகிறது.

இவற்றுள் என்னை மிகவும் யோசிக்க வைத்தது அமெரிக்காவின் வையோமிங் மாநிலத்து விமானப்படைத் தளம் ஒன்றில் 1948க்கும் 1954க்கும் இடையே எடுக்கப்பட்டுக் குளிரில் பேணப்பட்ட இரத்த மாதிரிகளின் கதை. படையில் சேரத் தகுதி பெற்ற இளைஞர்கள் என்றால் அவர்களைவிட ஆரோக்கியமானவர்களைத் தேடுவது கடினம். அரை நூற்றாண்டு கழித்து அந்த 9,133 மாதிரிகளைப் பரிசோதித்தபோது, 0.2 சதவீதத்தினருக்கு எவரும் அறியாத சீலியாக் நோய் இருந்திருக்கிறது. அதே வயதுடைய இக்காலத்தவரின் மாதிரிகளில் அது 0.9 சதவீதம். பரிசோதனை முறை கூர்மையடைந்ததால் வந்த வேறுபாடு என்று இதைத் தள்ளிவிட முடியாது, ஏனென்றால் பழைய இரத்தத்தையும் புதிய இரத்தத்தையும் ஒரே முறையில்தான் பரிசோதித்தார்கள். ஐம்பது ஆண்டுகளில் மனிதரின் பரம்பரையலகுகள் மாறிவிடுவதில்லை. மாறியது சூழலும் சாப்பாடும்தான்.

இனிக் கடைக்கு வருகிறேன்.

இடியப்பம் சிவப்பரிசி மாவில் பிழிந்தது. யாழ்ப்பாணத்துக் கடைகளில் வெள்ளை இடியப்பம் என்றால் பெரும்பாலும் அவித்த கோதுமை மா. சிவப்பு இடியப்பத்திலும், உதிராமல் நிற்பதற்காக ஒரு பங்கு கோதுமை மா கலப்பது வழக்கம். இங்கே அப்படிக் கலப்பதில்லை என்பதை நாக்கே சொல்லிவிடுகிறது. இழை சற்றுத் தடிப்பாக, விரலால் பிரித்தால் அறுந்து விழுவதாக, வறுத்த அரிசியின் மணத்தோடு இருக்கிறது. சூட்டோடு சாப்பிட்டால் சொதியை நன்றாக உறிஞ்சும். அரை மணித்தியாலம் தாமதித்தால் விறைத்துவிடும். ஆகவே இதைக் கட்டிக்கொண்டு போக வேண்டாம், அங்கேயே இருந்து சாப்பிடுங்கள். சொதி தேங்காய்ப்பாலில் வைத்த சாதாரணச் சொதி, வெந்தயமும் தேசிக்காய்ப் புளியும் அளவாக இருந்தன. சம்பல் மட்டும் ஒவ்வொரு நாளும் ஒவ்வோர் உறைப்பு.

குரக்கன் பிட்டு இந்தக் கடையின் மிகச் சிறந்த பண்டம். வெளியில் விற்கும் குரக்கன் பிட்டிலும் குரக்கன் ரொட்டியிலும் பாதிக்கு மேல் கோதுமை மா இருப்பது சமைப்பவர்கள் எல்லோருக்கும் தெரியும், ஏனென்றால் குரக்கன் தனியாகக் குழைத்தால் ஒட்டி நிற்காது. இவர்கள் குரக்கனோடு வறுத்த அரிசி மாவைக் கலந்து, தேங்காய்ப்பூவைத் தாராளமாகப் போட்டு நீற்றுப்பெட்டியில் அவிக்கிறார்கள். பிட்டு கரடுமுரடாக, ஈரம் குறையாமல், கத்தரிக்காய்ப் பால்கறியோடு மிக நன்றாகப் போகிறது. நீரிழிவுக்காரர் சிலர் இதற்காகவே வருகிறார்கள் என்று சொன்னார்கள். அது வேறு கணக்கு, குரக்கனிலும் மாச்சத்து இருக்கத்தான் செய்கிறது.

சனிக்கிழமைகளில் ஒடியற்கூழ் வைக்கிறார்கள். ஒடியல் மாவைத் தண்ணீரில் ஊறவிட்டுக் கசப்பை வடித்து, நண்டு, இறால், கணவாய், பயற்றங்காய், பலாக்கொட்டை, மரவள்ளி, முருங்கையிலை, கொஞ்சம் அரிசி எல்லாம் வெந்த பானையில் கரைத்து, செத்தல் மிளகாய் அரைத்த கூட்டும் பழப்புளியும் விட்டு இறக்கும் அந்தக் கூழில் கோதுமைக்கு இடமே இல்லை. எங்கள் ஊரின் பழைய உணவே இந்த நோய்க்காரருக்கு எந்த மாற்றமும் செய்யாமல் பொருந்துகிறது என்பது எனக்கு மகிழ்ச்சி தந்தது. கூழில் புளி ஒரு பிடி குறைவு என்பது என் கருத்து. பனையோலைப் பிளாவில் கொடுத்திருக்கலாம், கண்ணாடிக் கோப்பையில் கூழ் குடிப்பதற்கு மனம் பழக வேண்டும்.

இப்போது சமையலறை. சீலியாக் நோயாளிக்கு உணவில் கோதுமை ‘சேர்க்காமல்’ இருப்பது போதாது, அது ‘படாமலும்’ இருக்க வேண்டும். குளூட்டன் இல்லாத உணவு என்று பெயரிட வேண்டுமானால் ஒரு கிலோவில் 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருக்கக்கூடாது என்பது கோடெக்ஸ் என்னும் சர்வதேச உணவு நியமங்களின் வரையறை. நாளொன்றுக்கு 50 மில்லிகிராம் குளூட்டனை மூன்று மாதம் தொடர்ந்து உட்கொண்ட நோயாளிகளுக்குக் குடல் பழுதடைந்ததை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஒரு துண்டுப் பாணில் ஏறக்குறைய 2 கிராம் குளூட்டன் இருக்கிறது என்று வைத்துக்கொண்டால், அந்தத் துண்டின் நாற்பதில் ஒரு பங்கு போதும் கெடுதி செய்வதற்கு. கறியைக் கிண்டிய அகப்பை, மா அரித்த அரிதட்டு, பொரித்த எண்ணெய் என்று ஒவ்வொன்றாகக் கேட்க வேண்டியிருப்பதற்குக் காரணம் இதுதான்.

என் மருமகள் கூச்சப்படாமல் எல்லாவற்றையும் கேட்டாள். கடையின் மூத்த பெண்மணி முதலில், “பிள்ளை, எங்கட இடியப்பத்தில மருந்துக்கும் கோதுமை மா இல்லை” என்று சற்றுச் சூடாகவே சொன்னார். பிறகு அவளுடைய கேள்வியின் காரணம் விளங்கியதும் உள்ளே கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். அரிசியைத் தாங்களே வறுத்து மில்லுக்குக் கொண்டுபோகிறார்கள். அதே மில்லில் மற்றவர்கள் கோதுமையும் அரைப்பதால், விடியற்காலையில் முதல் ஆளாகப் போய், முதலில் விழும் ஒரு சுண்டு மாவைத் தனியே எடுத்து மாட்டுக்கு வைத்துவிட்டு மீதியை மட்டும் பாவிக்கிறார்கள். எவரும் சொல்லிக் கொடுக்காமல், தங்கள் மாவில் வேறு மா கலந்துவிடக்கூடாது என்ற ரோசத்தில் தொடங்கிய பழக்கம் இது. வசதியான விடுதிகளின் சமையலறைகளில்கூட இந்த அளவு கவனத்தை நான் கண்டதில்லை. இருந்தாலும் பொது மில் பொது மில்தான். ஒரு சிறிய அரைக்கும் இயந்திரம் வாங்குவதற்குச் சேர்த்து வருவதாகச் சொன்னார்கள், வாங்கினால் இந்தக் கடையைப் பற்றிய பாதிக் கவலை தீர்ந்துவிடும்.

குறைகள் இரண்டு இடங்களில் இருந்தன. முதலாவது, கண்ணாடிப் பெட்டியில் இருந்த தட்டை வடை. பருத்தித்துறையிலிருந்து வாங்கி விற்கும் வடை அது. அதில் உழுந்தோடு கோதுமை மாவும் சேர்வது பருத்தித்துறை வடை சாப்பிட்டு வளர்ந்த எவருக்கும் தெரியும். ‘கோதுமை மா சேர்க்காத உணவு’ என்ற பலகைக்குக் கீழே அதை வைத்திருப்பது சரியில்லை. நாங்கள் சுட்டிக்காட்டியபோது, “அது நாங்கள் சுடுறேல்லை தம்பி, வாங்கி வைக்கிறது” என்றார் இளையவர். வாங்கி வைத்தாலும் பலகை அதற்கும் சேர்த்துத்தான் பேசுகிறது. அடுத்த முறை போனபோது வடை கண்ணாடிப் பெட்டியிலிருந்து வாசலோரத்து வேறு பெட்டிக்கு மாறியிருந்தது, ஆனால் எடுத்துக் கொடுக்கும் இடுக்கி ஒன்றுதான். இரண்டாவது, சாம்பாருக்குப் போடும் பெருங்காயத் தூள். கடைகளில் விற்கும் கூட்டுப் பெருங்காயத்தில் கோதுமை மாவே பெருமளவு கலக்கப்படுகிறது, டப்பாவின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் அது அச்சிடப்பட்டும் இருக்கிறது. அந்தப் பெண்மணி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்துவிட்டுச் சிறிது நேரம் பேசவில்லை. அன்றைய சாம்பாரை மருமகள் தொடவில்லை. இப்போது பெருங்காயம் இல்லாமல்தான் சாம்பார் வைக்கிறார்கள். சுவையில் எனக்குப் பெரிய வேறுபாடு தெரியவில்லை.

தேநீரோடு கேட்பவர்களுக்கு மோல்ட் பானமும் கலந்து கொடுக்கிறார்கள். மோல்ட் என்பது பார்லியிலிருந்து வருவது, அதிலும் குளூட்டன் உண்டு. கோதுமையை மட்டும் கண்காணித்துப் பார்லியைத் தப்பவிடும் இந்தத் தவறு உலகமெங்கும் நடப்பது. பலகையில் ‘கோதுமை’ என்று மட்டும் எழுதியிருப்பதால் சட்டப்படி குற்றம் சொல்லவும் முடியாது.

யாழ்ப்பாணத்தில் இப்படி ஒரு கடைக்குத் தேவை இருக்கிறதா என்று நண்பர் ஒருவர் கேட்டார். சீலியாக் வடநாட்டு ரொட்டிக்காரரின் நோய், சோறு தின்னும் எங்களுக்கு வராது என்பது அவருடைய வாதம். அந்த வாதத்துக்குச் சான்று இல்லாமல் இல்லை. இந்தியாவில் 23,331 ஆரோக்கியமான வளர்ந்தவர்களைப் பரிசோதித்து 2016இல் வெளிவந்த பெரிய ஆய்வு, வட இந்தியாவில் ஆயிரம் பேருக்கு 8.53, வடகிழக்கில் 4.66, தென்னிந்தியாவில் வெறும் 0.11 என்று நோயின் அளவைக் காட்டியது. தெற்கில் அது ஏறக்குறைய ஒன்பதாயிரம் பேருக்கு ஒருவர். ஆனால் அதே ஆய்வில் அடுத்து வரும் எண்களையும் பார்க்க வேண்டும். இந்த நோய் வருவதற்கு இன்றியமையாத எச்.எல்.ஏ. டி.கியூ.2, டி.கியூ.8 என்னும் பரம்பரை அடையாளங்கள் வடக்கில் 38.1 சதவீதத்தினருக்கு இருந்தன, தெற்கிலும் 36.4 சதவீதத்தினருக்கு இருந்தன. மூன்றில் ஒருவருக்கு மேல் அந்த அடையாளத்தைச் சுமக்கிறார்கள் என்பதில் இரு பகுதியாருக்கும் பெரிய வேறுபாடு இல்லை. வேறுபட்டது தட்டு: வடக்கில் ஒருவர் நாளொன்றுக்கு உண்ட கோதுமை 455 கிராம், தெற்கில் 25 கிராம்.

இருபத்தைந்து கிராம் என்பது ஏறக்குறைய ஒரு துண்டுப் பாணுக்குரிய மா. யாழ்ப்பாணத்தில் ஒரு கம்பஸ் மாணவனின் ஒரு நாளை எண்ணிப் பார்த்தால், அந்த அளவை அவன் காலை எட்டு மணிக்கே தாண்டிவிடுகிறான். கால் றாத்தல் பாணும் சம்பலும், அல்லது தோசை. எங்கள் தோசை தமிழ்நாட்டுத் தோசையைப் போல அரிசியும் உழுந்தும் மட்டுமல்ல, பல வீடுகளில் உழுந்தோடு கோதுமை மா கரைத்துப் புளிக்கவைத்தது. பத்து மணிக்கு ஒரு றோல்ஸ் அல்லது பற்றிஸ். மத்தியானம் மட்டும் சோறு. பின்னேரம் பணிஸ், இரவில் கொத்துரொட்டி அல்லது அரிசி மாவும் அவித்த கோதுமை மாவும் சரிபாதியாய்க் குழைத்த பிட்டு. ‘அமெரிக்கன் மா’ என்று எங்கள் பாட்டிமார் சொன்ன பண்டம் பஞ்சகாலத்திலும் பங்கீட்டுக் காலத்திலும் அடுப்படிக்குள் வந்தது. போர்க்கால நிவாரணத்தில் அரிசியோடு அதுவும் அளந்து கொடுக்கப்பட்டது. அதன்பின் வெளியே போகவே இல்லை. ஆகவே தென்னிந்தியக் கணக்கைக் காட்டி எங்களுக்கு வராது என்று நிம்மதிப்படுவது, அவர்களுடைய பரம்பரையை நாங்கள் பகிர்ந்துகொள்கிறோம் என்பதற்காக அவர்களுடைய தட்டையும் பகிர்ந்துகொள்வதாக நினைப்பதாகும். பரம்பரை அடையாளம் இருந்து கோதுமையும் சாப்பிடுபவர்களிலேயே ஒரு சிறு பங்கினருக்குத்தான் நோய் வருகிறது என்பதையும் சொல்ல வேண்டும். அஞ்சி நடுங்க வேண்டியதில்லை. காரணம் தெரியாத குருதிச்சோகை, வளர்ச்சிக் குறைவு, நாட்பட்ட வயிற்றோட்டம், முதலாம் வகை நீரிழிவு, நெருங்கிய இரத்த உறவில் இந்த நோய் ஆகியவை இருந்தால் மருத்துவரிடம் இதைப் பற்றியும் ஒரு கேள்வி கேட்க வேண்டும், அவ்வளவுதான்.

இந்த இடத்தில் கடைக்காரர்மேல் எனக்கு ஒரு கண்டிப்பான குறை உண்டு. உள்ளே சுவரில் ஒட்டியிருக்கும் அச்சிட்ட தாள் ஒன்று, கோதுமை மா எல்லோருடைய குடலையும் அரித்துவிடும் என்றும், ஒரு மாதம் நிறுத்திப் பார்த்தால் உடம்பே சொல்லும் என்றும் கூறுகிறது. யாரோ அனுப்பியதை நல்லெண்ணத்தோடு ஒட்டியிருக்கிறார்கள். இரண்டு கூற்றும் பிழை. நோய் இல்லாதவருடைய குடலைக் கோதுமை அரிப்பதில்லை. இரண்டாவது கூற்று இன்னும் பெரிய தீங்கு, ஏனென்றால் சீலியாக் நோயைக் கண்டறியும் இரத்தப் பரிசோதனையும் குடல் பரிசோதனையும் கோதுமை சாப்பிட்டுக்கொண்டிருக்கும் உடலில்தான் சரியான விடை தரும். குளூட்டனை நிறுத்தினால் பிறபொருளெதிரி படிப்படியாகக் குறையும், குடலும் ஆறத் தொடங்கும், பரிசோதனை ‘ஒன்றுமில்லை’ என்று சொல்லிவிடும். அதன்பிறகு உண்மையை அறிய வேண்டுமானால் வாரக்கணக்கில் மறுபடியும் பாண் சாப்பிடச் சொல்வார்கள், உண்மையில் நோய் உள்ளவருக்கு அது பெரிய தண்டனை. இரத்தப் பரிசோதனையிலும் ஒரு நுட்பம் இருக்கிறது: வழக்கமாகப் பார்ப்பது ஐ.ஜி.ஏ. வகைப் பிறபொருளெதிரியை, அந்த வகையே உடலில் குறைவாகச் சுரக்கும் சிலருக்கு நோய் இருந்தும் விடை இல்லையென்று வரும். அதனால்தான் மொத்த ஐ.ஜி.ஏ. அளவையும் சேர்த்துப் பார்க்கிறார்கள். இவ்வளவையும் ஒரு சாப்பாட்டுக் கடைச் சுவர் சொல்ல வேண்டியதில்லை, பிழையானதைச் சொல்லாமல் இருந்தால் போதும். தாளைக் கழற்றும்படி கேட்டேன், சிரித்தார்கள், கழற்றவில்லை.

அங்கே சாப்பிட வருகிற மாணவர்களில் பெரும்பாலானோர் இந்தப் பேச்சுக்கெல்லாம் அப்பாற்பட்டவர்கள். கொத்துரொட்டிக்குக் கொடுக்கும் காசைவிடக் குறைந்த காசில் வயிறு நிறைகிறது, வீட்டுச் சமையல் போல் இருக்கிறது, அதுவே அவர்களுக்குக் காரணம். அவர்களுக்கு இந்தக் கடையைத் தயக்கமின்றிப் பரிந்துரைக்கிறேன். சீலியாக் நோய் உறுதிப்பட்டவர்களுக்கு என் பரிந்துரை நிபந்தனையோடு வருகிறது. காலை ஏழரைக்குள் போங்கள். பாத்திரங்கள் அப்போதுதான் கழுவி வந்திருக்கும், இடியப்பமும் சூடாக இருக்கும். இடியப்பம், சொதி, குரக்கன் பிட்டு, பால்கறி, சனிக்கிழமையானால் கூழ் ஆகியவற்றைக் கேளுங்கள். தட்டை வடை, மோல்ட் கலந்த பானம், வெளியிலிருந்து வாங்கி அடுக்கியிருக்கும் சிப்பி, முறுக்கு, பயற்றம் பணியாரம் ஆகியவற்றை விட்டுவிடுங்கள். பணியாரத்தின் உள்ளே பயறாக இருந்தாலும் மேலே தோய்க்கும் மாக்கரைசலில் கோதுமை இருக்கும். இடுக்கி விடயத்தை நீங்களும் ஒருமுறை சொல்லுங்கள், பலர் சொன்னால் மாற்றுவார்கள். ஞாயிற்றுக்கிழமையும் நல்லூர்த் தேர், தீர்த்தத் திருவிழா நாட்களிலும் கடை பூட்டு. வண்டி நிறுத்த இடமில்லை, சைக்கிளிலோ மோட்டார் சைக்கிளிலோ போவது நல்லது.